கொழுஞ்சிக்கு வழி சொன்னது நான்தான்

சென்ற சனிக்கிழமை ஈப்போவிலிருந்து பினாங்குக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. "தம்பி, ஒரு தடவ வந்து பார்த்துட்டுப் போங்க" என்று பிலோமினா அக்கா குரல் செய்தி அனுப்பியிருந்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

போன ஆண்டு இந்த வலைப்பூவில் கொழுஞ்சியைப் பற்றி எழுதியிருந்தேன். தமிழ்நாட்டில் வறண்ட புல்வெளியிலும் கல்சரிவிலும் தானாக வளரும் அவரை இனச் செடி. முழங்கால் உயரம், ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ, தட்டையான காய். வேர் ஆழமாக இறங்குவதால் பல ஆண்டுகள் நிற்கும். மழை ஓயாத பினாங்கில், கடலைப் பார்த்த ஒரு பாறைச் சரிவில் அது கூட்டமாக நின்றது எனக்குப் பெரிய அதிசயம். சரிவின் அடியில் உள்ள அடுக்குமாடியில்தான் அக்கா குடியிருக்கிறார். தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. என்னை மேலே கூட்டிப்போய்க் காட்டியவர் அவரே. நான் பேருந்து எண், இறங்கும் நிறுத்தம், ஏறும் படிகள் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். வேர் வயிற்று வலிக்கு நல்லது என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

காலை 7.05க்கு ரயில் ஏறி 8.55க்கு பட்டர்வொர்த்தில் இறங்கினேன். பெர்ரிக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். லிட்டில் இந்தியாவில் இரண்டு தோசையும் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் தேநீரும் ஏழு வெள்ளி அறுபது காசு. அங்கிருந்து பேருந்து. அதன் எண்ணை இந்த முறை எழுதப்போவதில்லை.

அக்கா மோட்டார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். அங்கே கணுக்கால் அளவு சேறு. நிமிர்ந்து பார்த்தேன். சரிவெங்கும் குழிகள்.

"உங்க பிளாக் படிச்சிட்டு வந்தோம்னு சொன்னாங்க தம்பி. மண்ணு வெட்டுற சங்குல், சாக்கு எல்லாம் கையோட கொண்டாந்தாங்க. ஒரு கும்பல் போனா அடுத்த வாரம் இன்னொண்ணு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"சொன்னேன்லா. போன்ல உங்க எழுத்த காட்டுறாங்க. நான் என்னத்த சொல்றது? போன வாரம் மழையில மண்ணு இறங்கிருச்சு. உங்கள மேல கூட்டிட்டுப் போனது நான்தானே, பிளாட்ல எல்லாரும் என்னையத்தான் ஏசுறாங்க."

மேலே ஏறினேன். இருபத்தாறு குழிகள் வரை எண்ணினேன், அதற்குமேல் மனம் வரவில்லை. வேரை மட்டும் வெட்டிக்கொண்டு, பூவும் காயுமாகச் செடிகளைப் பாறைமேல் வீசிவிட்டுப் போயிருந்தார்கள். கையில் எடுத்தால் நொறுங்கின.

இறங்கி வந்து குடியிருப்புத் தலைவரைப் பார்த்தேன். ராஜன் அண்ணன் என்று அழைக்கிறார்கள். "எழுதினது நான்தான் அண்ணே, அக்கா மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி தம்பி. மண்ண யாரு அள்றது?"

அவரிடமே மண்வெட்டி வாங்கி அள்ளினேன். பதினொன்றேகால் முதல் இரண்டு மணி வரை. பாதி நேரம் அக்காவும் கூட நின்று அள்ளினார். மாடியிலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். கிளம்பும்போது அக்கா சொன்னார்: "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி. கூப்பிட்டதும் வந்தீங்க, அது போதும்."

அது போதாது என்று எனக்குத் தெரியும். அந்தச் செடியை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் எழுதினேன். நாலு பேரும் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை.

பினாங்கு போகிறவர்களுக்கு: ஈப்போவிலிருந்து காலை ரயில் வசதி, சீட்டை முன்கூட்டியே எடுங்கள். காட்டுச் செடி எதைக் கண்டாலும் பார்த்துவிட்டு வாருங்கள். மண்ணைத் தொடாதீர்கள், இடத்தைப் பகிராதீர்கள். என் பழைய பதிவை நீக்கிவிட்டேன். யாராவது சேமித்து வைத்திருந்தால், தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். சரிவின் உச்சியில், கை எட்டாத இடுக்கில், இன்னும் மூன்று செடிகள் இருக்கின்றன.