மூன்று துண்டு மான் கறி

எங்கள் வீட்டில் மான் கறி சமைத்தது ஒரே ஒரு முறை. அந்தக் கறி அடுப்புக்கு வந்து சேர முப்பத்தேழு நாள் ஆயிற்று. அது சமைக்கப்பட்டதே என் அம்மாவுக்காக; அவள் சாப்பிட்டது மூன்று துண்டு. இந்த எண்களில் பிழை இருக்காது. எல்லாம் நானே எண்ணியவை.

மானைப் பற்றி எழுதாதே என்கிறான் என் மகன். இன்றைக்கு மான் கொம்பு ஒன்று பரணில் கிடந்தாலே ஜெயில் என்கிறான். இருக்கட்டும். மானைக் காக்கும் சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்னால் நடந்தது இது. கொம்பும் எங்களிடம் இல்லை. ஆனாலும் இரண்டு நாளாக இதை நினைத்துத் தூக்கம் சரியில்லாமல்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஊர் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கத்தில். எதைக் கண்டாலும் எண்ணுவேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. எங்கள் எருமை ஒரு வாய்த் தீனியை அசை போடுவது ஐம்பத்திரண்டு தடவை. முக்கியமான கணக்குகளை மாட்டுக் கட்டுத்தரைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பேன்.

அந்த ஐப்பசியில் மாமனின் மனைவி காய்ச்சலில் இறந்து போனாள். மாமன் என்றால் அம்மாவின் அண்ணன். ஜலகண்டாபுரத்துப் பக்கம் இருந்தவர். குழந்தை இல்லை. அத்தையைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாதான் அவரைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு வேட்டி. வந்தவர் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். கார்த்திகை போய் மார்கழி போய்த் தை வந்தும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. பீடி மட்டும் ஒரு நாளைக்கு முப்பது.

அம்மா என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அனுப்புவாள்.

“சாமி, மாமன் எங்க இருக்காருன்னு ஓடிப் போயி பாத்துட்டு வா.”

நான் ஓடிப் போய்ப் பார்த்து, “கெணத்து மேட்டுல இருக்காரும்மா” என்பேன். சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தடவை அனுப்புவாள். எப்போது போனாலும் அதே இடம், அதே பதில். இதற்கு எதற்கு ஓடுவது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அதனால் அதையும் எண்ணத் தொடங்கினேன். குறைந்தது ஒன்பது தடவை. அதிகபட்சம் ஒரு நாளில் பதினாலு.

தை கடைசியில் ஒருநாள் மாமனே என்னைக் கூப்பிட்டார்.

“எல்லாத்தையும் எண்ணறயே சாமி, இந்தக் கெணத்துல தண்ணி எத்தன ஆளு ஆழமிருக்கும்?”

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பாகத்தை அளந்து, “அஞ்சாளுங்க மாமா” என்றேன். “செரி” என்றார். நான் நேராக அம்மாவிடம் ஓடிப் பெருமையாகச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளின் முறம் நின்றது.

“வேற என்ன கேட்டாரு?”

“வேற ஒண்ணுங் கேக்கல.”

அம்மா அப்போது மூன்று மாதக் கர்ப்பம். கறி வாடையே ஆகாது. முட்டை உடைத்தால்கூட வெளியே ஓடுவாள். அவள் ஆசையாகத் தின்றதெல்லாம் பச்சரிசியும், யாருக்கும் தெரியாமல் பானை ஓட்டுத் துண்டும்தான். எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் அன்று பொழுதோடு, விளக்கு வைத்த பிறகு, அப்பாவுக்கும் மாமனுக்கும் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்:

“எனக்கு மான் கறி திங்கோணும்னு இருக்குது.”

அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். “மானா? இப்பப் போயா? கடலையும் அவரையும் காட்டுல நின்னப்பக் கேட்டிருந்தா ஆச்சு. தையோட எல்லாம் கரட்டு மேல ஏறிருச்சு. துப்பாக்கிச் சத்தங் கேட்டுக் கேட்டு மிரண்டு போயிக் கெடக்குது.”

“நாக்குக்குத் தை மாசி தெரியுங்களா? ஆசப்பட்டது கெடைக்கலீன்னா பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது.”

“செரி, துப்பாக்கிய எடுத்துட்டு நானே போறேன்.”

“நல்லாருக்குதுங்க. வயித்துப்புள்ளக்காரி புருசன் உசுரு எடுக்கலாமா?”

அது எங்கள் பக்கத்து வழக்கம். மனைவி உண்டாகியிருந்தால் கணவன் ஓணானைக்கூட அடிக்க மாட்டான். அப்பா யோசித்து, “அப்ப மச்சான் கையில துப்பாக்கியக் குடுத்து...” என்று தொடங்கினார். அம்மா அவரை முடிக்க விடவில்லை.

“குண்டு பட்ட கறி எனக்கு வேண்டாம். வலையில புடிச்சதுதான் வேணும். அண்ணா, நீங்கதான் புடிச்சுக் குடுக்கோணும். கூடப் பொறந்தவ கேக்கறேன்.”

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவினார். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய எங்கள் துப்பாக்கி சுவரில் மாட்டியிருக்கும். மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு போய், துரு எடுக்க வேண்டும் என்று பெரியப்பா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அதில் துருவே இல்லை. போன வாரம்தான் எண்ணெய் போட்டுத் துடைத்தார். இதை எடுத்துச் சொன்னதற்குத் தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

மாமன் அன்று பத்து மணிவரை கிணற்று மேட்டில் இருந்தார். பிறகு எழுந்து வந்து, “வலைக்குக் கத்தாழ நாரு வேணும் அம்மிணி” என்றார்.

நார் உரித்துக் கயிறு திரித்து வலை பின்னப் பதினொரு நாள். மாமன் விவசாயி. வேட்டை தெரியாது. பின்னவும் தெரியாது. முதலில் போட்ட முடிச்சுகள் இழுத்தால் நழுவின. இரண்டு தடவை முழுவதையும் பிரித்தார். மூன்றாவது வலையில் குறுக்கே இருபத்தெட்டு, நெடுக்கே இருபத்து மூன்று. ஆக அறுநூற்று நாற்பத்து நாலு கண். ஒரு கண்கூட நழுவவில்லை. ஒவ்வொன்றையும் நான் இழுத்துப் பார்த்தேன்.

காட்டுக்குப் புறப்படும் முதல் நாள் அம்மா என்னையும் அனுப்பினாள்.

“மாமங்கூடவே இரு. ஒண்ணுக்குப் போறதா இருந்தாலும் அவரு கண்ணுல படற எடத்துல போ. ஒத்தையா உட்டுட்டு எங்கியும் போயறாத.”

“மான் ஓடிருங்களாம்மா?”

“ஆமா, ஓடிரும்.”

இப்போது எழுதும்போது ஒரு கவலை வருகிறது. துப்பாக்கி வேண்டாம் என்றவள் கயிற்றைப் பற்றி எண்ணாமலா இருந்திருப்பாள்? எண்ணியிருப்பாள். எண்ணித்தான் என்னை அனுப்பியிருக்கிறாள். நானோ மானுக்குக் காவல் போவதாக நினைத்துக்கொண்டு போனேன்.

ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. ஏரிக்கு மேலிருந்த பாறைக் கரட்டிலிருந்து அங்கே இறங்க மூன்று தடங்கள். மாமன் தரையில் குனிந்து குளம்படிகளைத் தேடி, ஒரு தடத்தில் மட்டும் புதிய அடிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதில் வலையை உயரத் தூக்கி மாட்டி, கைக்கயிறு ஒன்றைக் கீழே கொண்டுவந்தார். இழுத்தால் வலை விழும். கிளுவைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். விடியற்காலையில் போவோம். பள்ளிக்கூட நேரத்துக்கு ஆடு மேய்க்கும் பெரியவர் அந்தப் பக்கம் வந்துவிடுவார், அவர் வந்த பிறகு நான் கிளம்பலாம் என்பது அம்மாவின் உத்தரவு. பொழுதோடு மறுபடியும் போவோம்.

ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் மாலை மாமன் ஒரு பிடி புழுதியை எடுத்து மெல்ல விட்டார். அது கரட்டை நோக்கிப் போயிற்று. மறுநாள் விடியலில் அதே போல் விட்டார். ஏரியை நோக்கி வந்தது.

“பொழுதோட நம்ம வாடை மேல போவுது சாமி. வெடியாலதான் கீழ எறங்குது. இத்தன நாளா நானே மானுக்குத் தாக்கல் சொல்லி அனுப்பிச்சிருக்கறேன்.”

அன்றோடு மாலைக் காவலை நிறுத்தினார். பீடியையும் நிறுத்தினார். ஒரு நாளைக்கு முப்பது பீடி குடித்தவர், மான் மூக்குக்காக ஒரே நாளில் விட்டார். எனக்கு இந்த வயதில் டாக்டர் சொல்லியும் வெற்றிலையை விட முடியவில்லை. அவரை நினைத்து வெட்கப்படுகிறேன்.

ஆடு மேய்க்கும் பெரியவர் தினமும் கேலி செய்வார். “ஏனுங்க மாப்ள, மானு இன்னைக்கும் லீவுங்களா?” மாமன் தன் வேலையைப் பார்ப்பார். வலையை அவிழ்த்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார். எதற்கும் அவசரம் கிடையாது. கொசு கடித்தால் அடிக்க மாட்டார், ஊதுவார். கால் மரத்துப் போனால் விரலை மட்டும் அசைப்பார். நான் பார்த்தவர்களில் அப்படி உட்காரத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கிணற்று மேட்டில் உட்கார்ந்ததும் இதுவும் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒன்றல்ல. இங்கே அவர் காது நிமிர்ந்திருந்தது.

காவலின் பதினேழாம் நாள் வந்தன. பாறைக்கு மேலே முதலில் ஒரு தலை. பிறகு இன்னொன்று. கூட்டமாக இறங்கின. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“மூணு... நாலு... அஞ்சு...”

அவ்வளவுதான். சருகு சலசலத்தது. சந்தில் ஒன்றும் இல்லை.

பதினேழு நாளைக் கெடுத்துவிட்டேன். வலை பின்னியதைச் சேர்த்தால் இருபத்தெட்டு. அழக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். மாமன் கைக்கயிற்றைக் கீழே வைத்தார்.

“எத்தன சாமி?”

“அஞ்சுங்க மாமா.”

“நெசமாவே அஞ்சா, பயத்துல கொறச்சுச் சொல்றயா?”

“அஞ்சுதானுங்க.”

“அப்பச் செரி. ஒண்ணுதான் இருக்கும்னு நெனச்சு உக்காந்திருந்தேன். அஞ்சு இருக்குது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று பெரியவர் வந்து வழக்கம்போல, “லீவுங்களா மாப்ள?” என்றார். மாமன், “வந்துச்சுங்க. எம் மருமவன் ஆஜர் எடுத்தான், பயந்து ஓடிருச்சு” என்றார்.

வீட்டில் நான் செய்த குற்றத்தை மறைத்து, மாமன் சிரித்ததை மட்டும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எப்படிச் சிரிச்சாரு? இன்னொருக்காச் சொல்லு” என்றாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். ஒரு பல் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

மிரண்ட மான் அதே தடத்தில் மறுபடி வருமா என்று ஊரே சிரித்தது. “தண்ணி வேற எங்க இருக்குது? வரும்” என்றார் மாமன். காவலின் இருபத்தாறாம் நாள், பங்குனி பிறந்து இரண்டாம் நாள், ஒரு கிடாய் மட்டும் தனியாக இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் நின்றது. இந்த முறை என் வாயை நான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அது சந்துக்குள் தலையை நீட்டிற்று, பின்வாங்கிற்று, மறுபடி நீட்டிற்று. மாமன் இழுக்கவில்லை. உடம்பு முழுவதும் வலைக்குக் கீழே வந்த பிறகுதான் இழுத்தார்.

அதன் உதையில் மாமன் இரண்டு தரம் விழுந்தார், கயிற்றை விடவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த பெரியவர்தான் கத்தியை வைத்தார். எல்லாம் அடங்கிய பிறகு மாமன் மானின் கழுத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்து அழுதார். விம்மி விம்மி, வாய்விட்டு அழுதார். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தமாக இருந்தன. ரொம்ப எரிகிறது போல என்று நினைத்து, அவர் கையைப் பிடித்து ஊதிவிட்டேன்.

கறியை இருபத்திரண்டு பங்கு போட்டு ஊருக்குக் கொடுத்தோம். வீட்டில் அப்பாவே அடுப்பில் நின்று சமைத்தார். மாமன் தன் கையால் அம்மாவின் தட்டில் வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க அம்மா ஒன்று தின்றாள், இரண்டு தின்றாள். மூன்றாவதை மென்று முடித்து, “ஆச தீந்து போச்சுங்கண்ணா” என்றாள். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் போனாள். என் கோடுகள் இருக்கும் சுவருக்குப் பின்னால் குனிந்து அவ்வளவையும் வாந்தி எடுத்தாள். நான் பார்த்துவிட்டேன்.

“மாமங்கிட்டச் சொன்னயின்னா தோலை உரிச்சுப்போடுவேன்” என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் முகம் சிரித்தது.

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தேழு நாள், அறுநூற்று நாற்பத்து நாலு கண், மூன்று துண்டு, அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. இத்தனை கெட்ட கணக்கை நான் பார்த்ததே இல்லை.

மாமன் அதன் பிறகு நாற்பத்தொரு வருடம் இருந்தார். திருச்செங்கோட்டில் போர் போடும் லாரியில் சேர்ந்து, பிறகு சொந்தமாக லாரி வைத்து, ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அம்மா பெற்ற என் தங்கைக்குக் காதில் சீழ் எதுவும் வரவில்லை. அதெல்லாம் பிறகு.

கறி சமைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமன் சவரம் செய்துகொண்டு விடியலிலேயே எங்கோ போய்விட்டார். நான் கரித்துண்டை எடுத்து வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் காத்திருந்தேன். சோறு வடித்தாயிற்று. கூப்பிடவில்லை. மத்தியானம் ஆயிற்று. கூப்பிடவில்லை. பொழுது சாயும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

“அம்மா, மாமன் எங்க இருக்காருன்னு பாத்துட்டு வரட்டுமா?”

அம்மா பச்சரிசியை வாயில் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

“எதுக்குச் சாமி? எங்கியாச்சும் இருப்பாரு.”

வாந்தி எடுத்ததை நான் பார்த்துவிட்ட கோபம் அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். கட்டுத்தரைக்குப் போய், அன்றைய கணக்கில் ஒரு சுழியம் போட்டேன்.