மணலில் படர்ந்த பாசி

கல்யாணமான புதிதில் பஸ் டிரைவர் உப்புநீர் மீன்தொட்டி ஒன்றை ஜன்னலோரம் வைத்தார். வெயில் பட்டு அடிமணலில் பழுப்புப் பாசி படர்ந்துகொண்டே இருந்தது. அவருடைய லீவு நாளில் தையல்காரி மனைவி வாளியைப் பிடிப்பாள், அவர் குழாயால் பாசியை உறிஞ்சுவார். ஊர்வம்பு பேசியே பொழுது போய்விடும்.

வருஷங்கள் ஓடின. போன மாதம் வந்த மகள் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டாள். பாசி அடங்கி மணல் வெளுத்தது. லீவு நாளில் கை சும்மா கிடக்க, இருவருக்கும் வாயும் ஓய்ந்துபோயிற்று.

“வெயில்தான் காரணம்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் தையல்காரி.

“எனக்கும்தான். தொட்டி வித்த கடைக்காரர் அப்பவே சொன்னாரு. நான்தான் உன்கிட்ட மூச்சு விடல.”

அவள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் திரையை விலக்கினாள்.