ரப்பர் பெட்டியில் செய்த நாற்காலிகள்

முருகையா மலாயாவில், பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ரப்பர் பெட்டி அடிப்பவர். காய்ந்த ரப்பர் தாள்களை அடுக்கிக் கப்பலுக்கு அனுப்பும் பலகைப் பெட்டிகள் அவை. ஜப்பான்காரர்கள் வந்ததும் கப்பல் நின்றது. பெட்டிகள் ஸ்டோரில் கூரைவரை குவிந்து கிடந்தன.

புதிய ஜப்பானிய அதிகாரிக்கு வெள்ளைக்காரத் துரையின் பங்களா வெறுஞ்சுவராகத்தான் கிடைத்தது. உள்ளே இருந்த சாமான்களைக் குழப்ப நாட்களில் யார் யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். உட்கார ஏதாவது செய் என்று முருகையாவுக்கு உத்தரவு வந்தது.

அவர் பெட்டிகளைப் பிரித்தார். கோணிய ஆணிகளைத் தட்டி நிமிர்த்தினார். ரப்பர் காயவைக்கும் புகைவீட்டிலிருந்து மூங்கில் கழிகளைக் கொண்டுவந்தார். புகை குடித்துக் குடித்துக் கருஞ்சிவப்பாகியிருந்த கழிகள், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் பளபளத்தன. அவை கைப்பிடிகளாயின. லாரி டியூபை நாடாவாக அறுத்து இருக்கை பின்னினார். ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளை, அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களை, கம்பியில் கோத்து ஒரு விளக்கும் செய்தார். அதிகாரி அந்த நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிச் சிரித்தாராம்.

முருகையாவின் மனைவி செல்லத்துக்கு ஒரே தம்பி, தங்கராஜு. பெற்றோர் போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இவர்களோடுதான் இருந்தான்.

"என்ன மச்சான், தொரை நாக்காலியில நீங்க ஒரு தடவ உக்காந்து பாத்தீங்களா?"

"உக்காந்து பாக்காம எப்படிடா செய்யிறது?"

"அக்கா, கேட்டியா? தொரைக்கு முன்னாடி நம்ம மச்சான்தான் தொரையாம் லா!"

அந்த மாதம்தான் சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். கல்யாணமாகாத பையன்கள் முதலில் போக வேண்டும் என்று பேச்சு வந்தது. செல்லம் கணவரிடம் சொன்னாள்: "ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேணும்னு கேளுங்க. தம்பிய விட்டுருவாங்க."

"நாளைக்கே கேக்குறேன்."

மறுநாள் அவர் வாய் திறப்பதற்கு முன்பே அதிகாரி ஸ்டோருக்கு வந்துவிட்டார். சிரம்பானிலுள்ள அதிகாரிகளின் விடுதிக்கும் நாற்காலிகள் வேண்டுமாம். கூட வந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி ராமகிருஷ்ணன், தமிழில் கேட்டார்: "ஒரு ஆள் போதுமான்னு கேக்குறாரு."

"போதும் தொரை."

தோட்டத்தில் பிறந்தவன் வாயில் வேறு பதில் வராது. முடியாது என்றவனுக்கு அன்று அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலி. துரை கேட்டால் 'முடியும்', 'போதும்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள். நானும் தோட்டத்து வழி வந்த பிள்ளைதான்; எங்கள் வீட்டில் நான்தான் முதலில் பட்டம் வாங்கினேன். முதல் வேலை நேர்காணலில் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று கேட்டார்கள். யோசிக்கும் முன்பே 'முடியும் சார்' என்றேன். அந்தப் பதில் என்னுடையதுதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

முருகையாவுக்குத் தான் சொன்னது உறைத்தபோது அதிகாரி படியிறங்கியிருந்தார்.

"சார், இல்ல சார், என் மச்சினனை…"

"இப்பதானே போதும்னே? பேச்ச மாத்துனா எனக்குத்தான் அறை விழும்," என்று கிராணி பின்னாலேயே ஓடினார்.

அந்த வாரமே லாரி வந்தது. தங்கராஜு ஒரு துணி மூட்டையோடு ஏறினான். லாரி மறைந்த பிறகு செல்லம், "கேட்டீங்களா?" என்றாள். அவர் நடந்ததை அப்படியே சொன்னார்.

அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. அவித்த மரவள்ளியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போவாள். பலகையில் நாலு சக்கரம் பூட்டி, தண்ணீர் வாளி இழுக்க அவளுக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தார். அவள் வாளியைத் தலையிலேயே சுமந்தாள். ஸ்டோரில் அவரும் சுத்தியலும்தான். லயத்து ஆண்களில் பாதிப் பேர் போய்விட்டதால் வழியிலும் பேச ஆளில்லை.

மறுபடி ஆள் பிடிக்கிறார்கள், இம்முறை லயத்து ராயப்பனும் போக வேண்டும் என்று தெரிந்ததும் அவரே கிராணி வீட்டுக்குப் போனார். "ஒரு ஆளால முடியல சார். ராயப்பன குடுங்க."

மறுநாளே ராயப்பனை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். அவனை விட்டுவிட்டுத்தான் லாரி புறப்பட்டது.

அன்று சாயங்காலம் ராயப்பனின் மனைவி மார்த்தா ஒரு கூடை சர்க்கரைவள்ளியோடு வந்தாள். வாசலிலேயே அழுதாள். செல்லம் கூடையை வாங்கி வைத்து, அவளைத் தேற்றி அனுப்பினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டா குடுக்குறாங்க, இல்ல?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அது ஒன்றுதான். முருகையா தலையை மட்டும் ஆட்டினார்.