மெடிக்கல் போமில் நான் சொன்ன பொய்

போன செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் போயிருந்தேன். நான் அறைக்குள் நுழைந்ததும் அவர் எழுந்து நின்றார்.

நோயாளியைக் கண்டு எந்த டொக்டராவது எழுந்து நிற்பாரா? ஸ்காபரோவில் நிற்பார் — பத்தாம் வகுப்பில் அந்த நோயாளியிடம் கணக்குப் படித்திருந்தால்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. கனடாவுக்கு வந்த பிறகு பிறம்ரனில் பன்னிரண்டு வருடம் லொறி ஓட்டினேன். ஓய்வெடுத்ததும் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினேன். கட்டில், சமைக்கக் குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. சாதாரண கார் லைசென்சில் ஓட்டக்கூடிய எடையல்ல அது. பாரவாகன லைசென்ஸ் வேண்டும். என் வயதில் அந்த லைசென்ஸை வைத்திருக்க வருடாவருடம் டொக்டர் ஒரு மெடிக்கல் போமில், உடல்நலப் படிவத்தில், கையெழுத்து வைக்க வேண்டும்.

போன வருடம் அவர் கேட்டது இப்படி:

"சேர், தலைச்சுத்து, மயக்கம் ஒண்டும் இல்லைத்தானே?"

பேனை அப்போதே 'இல்லை' என்ற கட்டத்தில் நின்றது. அதற்கு முந்திய மாதம்தான் எனக்கு இரண்டு தடவை கண் இருண்டிருந்தது. ஒரு தடவை வீட்டுப் படியில், மற்றது கடை வாசலில்.

"சீ... எனக்கென்ன?" என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து வைத்தார்.

பிறகு இந்த மே மாதம், 2009 மே, வந்தது. இலங்கையில், வன்னியில் கடைசிச் சண்டை. ரொறன்ரோத் தமிழர் பஸ் பஸ்ஸாக ஒட்டாவாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்கு. வயதானவர்களை நான் கூட்டிப்போகிறேன் என்றேன். "பஸ்ஸில ஏன் இடிபடுறியள்? என்ர வண்டியில படுத்துக்கொண்டே வரலாம்."

எட்டுப் பேருக்குத்தான் சீற் பெல்ற். பதினொரு பேரை ஏற்றினேன். தண்ணீர்த் தொட்டி நிறையத் தண்ணீர். அதற்கு மேல் போத்தல் தண்ணீர்ப் பெட்டிகள், அங்கே நிற்பவர்களுக்குச் சோற்றுப் பார்சல்கள். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஊரில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவன் நான்... அன்று கூட்டிப் பார்க்கவில்லை.

எங்களோடு வந்த அஜின்கோர்ட் பரமேஸ்வரிக்கு முழங்கால் வருத்தம். அவவின் ஒரே தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். "நீர் பின் கட்டிலில சரிஞ்சு கிடவும்" என்றேன். மரியாதையாக நடத்துகிறேனாம்! கட்டிலில் பெல்ற் இல்லை.

ஒட்டாவா போகும் வழியில், கிங்ஸ்ரனுக்குக் கிட்ட எனக்குக் கண் இருண்டது. இரண்டு, மூன்று செக்கன்தான் இருக்கும். விழித்தபோது வண்டி தெருவை விட்டு இறங்கியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். அந்தப் பாரத்துக்கு அது நிற்கவில்லை. ரயர் வெடித்து, வண்டி தெருவோரக் கானுக்குள், பள்ளத்தில் சரிந்தது.

பரமேஸ்வரிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். பொலிஸ்காரர் பாரத்தைப் பற்றிக் கேட்டார், அதற்குத் தண்ட ரிக்கெற் எழுதினார். எல்லோரும் "ரயர் வெடிச்சுப்போச்சு" என்றார்கள். நானும் "ஓம், ரயர்" என்றேன்.

யுத்தம் முடிந்த செய்தி வந்த நாளில், இங்கே வீட்டுக்கு வீடு கட்டிப்பிடித்து அழுதார்கள். பரமேஸ்வரி மட்டும் கிங்ஸ்ரன் ஆஸ்பத்திரியில், தமிழ் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் கிடந்தா. தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

செவ்வாய்க்கிழமை டொக்டர் மறுபடியும் பேனையை எடுத்தார். "வழமைபோலத்தானே, சேர்?"

"இல்லை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனையை மூடி வைத்தார். "போன வருசம் கேட்டனான், சேர்."

"கேட்டனீர். நான் பொய் சொன்னனான்."

"அந்தப் போமில என்ர கையெழுத்தெல்லோ கிடக்கு?" என்றார். "வடிவாச் சோதிச்சிருக்க வேணும். உங்களை எப்படி... நம்பாமல் விடுறது எண்டு விட்டிட்டன்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் இதை அறிவிக்க வேணும். லைசென்ஸ் போகும்."

"அறிவியும்" என்றேன். வெளியே வரும்போது அவர் எழும்பவில்லை. அதுதான் சரி.

அங்கிருந்து பஸ் எடுத்து பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். வோக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தா.

"ரயர் இல்லை, பரமேஸ்வரி. எனக்குக் கண் இருண்டது. வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சுதான் வண்டி ஓடினனான்."

ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு எனக்குப் பஸ்ஸில சீற் போட்டு வைச்சிருந்தவை, மாஸ்ரர்" என்றா. "அதிலதான் போக நினைச்சனான். வரேல்லை எண்டு சொன்னால் நீங்கள் கோவிப்பியள் எண்டுதான் உங்கட வண்டியில ஏறினனான்."

என்னைப் போன்ற வயதுக்காரருக்கு ஒன்று சொல்வேன். உங்களிடம் "இல்லை" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையா? அப்படியானால் வண்டித் திறப்பை, அதுதான் சாவியை, இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.