வாயில் கடித்த பறி

என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து என் மகள் பேசவில்லை. சாப்பிட மட்டும் வாயைத் திறப்பாள். அதுவும் நான் இரண்டு தடவை அதட்டினால்தான்.

அவர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை. அன்றைக்கு நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர். நான் காய்கறி வாங்க வடலூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பிளாக் சனமே நின்றுகொண்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவள் என் மகள் ஒருத்திதான். பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் திறக்கக் காத்திருந்தாள்.

கேட்காமல் இருக்க முடியுமா? கடைசியாக அப்பா என்ன சொன்னார், தண்ணீர் கேட்டாரா, என்னைத் தேடினாரா என்று கேட்டேன். எந்தப் பெண்டாட்டிதான் கேட்க மாட்டாள்? துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். முதலில் தலையை ஆட்டினாள். பிறகு அதுவும் நின்றுபோனது.

நான் வாய் ஓயாதவள். ரேடியோ என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார். அந்த வீட்டில் தனியாக நானே பேசி நானே பதில் சொல்லிக்கொண்டு எத்தனை நாள்தான் இருப்பது? டாக்டரிடம் காட்டினேன். தொண்டையில் ஒன்றுமில்லை, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்றார். போகாத கோயில் இல்லை. பக்கத்து பிளாக் பாய் வீட்டு அம்மா, பாவம், தர்காவில் ஓதி வாங்கி வந்த கயிற்றைக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, போனவர் போய்விட்டார், நீ ஏன்டி என்னை உயிரோடு கொல்கிறாய் என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இந்தப் பெண்ணும் போய்விடும், கண்ணெதிரிலேயே உட்கார்ந்தபடி போய்விடும் என்று.

என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர் பரங்கிப்பேட்டைக்குப் பக்கம், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். அவள் போன் போட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். குவார்ட்டர்ஸை வேறு காலி செய்ய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, வடலூரில் ஒரு பஸ், சிதம்பரத்தில் ஒரு பஸ் என்று போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்த மறுநாளே ஏன் வந்தோம் என்றாகிவிட்டது. அது ஊரா அது! தங்கச்சி புருஷன் விடியற்காலையில் ஆற்றுக்குப் போய் வலை போட்டுவிட்டு வருவார். பழையதைக் குடித்துவிட்டுத் தூங்குவார். எழுந்ததும் குவித்துப் போட்ட வலைமேல் சாய்ந்துகொண்டு போனில் கிரிக்கெட். பூவரச மரத்தடியில் நாலு பேர் சீட்டாடுவார்கள். இவர்களுக்கு வேலையே இல்லையா என்று கேட்டால், வேலையெல்லாம் முடிஞ்சிதுங்க என்பார்கள். சாயங்காலமானால் தெருவே துறைக்குப் போகும். பிள்ளைகள் படகிலிருந்து ஆற்றில் குதிக்கும். கோழிக்காலைக் கயிற்றில் கட்டி நண்டுக்குப் போட்டுவிட்டு ஒருத்தர் பீடி குடிப்பார். நாளை மூன்று ஷிப்டாகப் பிரித்து வாழ்ந்தவள் நான். என் வீடு பற்றி எரிகிறது, இதுகள் காற்று வாங்குகின்றன என்று ஆத்திரமாக வந்தது.

அதைவிட ஆத்திரம், என் மகளை அங்கே யாரும் எதுவும் கேட்காதது. வந்து உட்கார்ந்தால் நகர்ந்து இடம் விடுவார்கள், அவ்வளவுதான். சித்திதானே, நீயாவது பேசவைக்கக் கூடாதா என்று தங்கச்சியிடம் சண்டைக்கே போனேன். அவள் மீனை ஆய்ந்துகொண்டே, பேசுறப்ப பேசட்டும்க்கா என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் ஆற்றில் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து இறால் தடவப் போவார்கள். விற்பதற்கென்று போகிறவர்கள் உண்டு. என் தங்கச்சி மாதிரி, பொழுதும் போகும், குழம்புக்கும் ஆகும் என்று போகிறவர்களும் உண்டு. வலை கிடையாது. முட்டிபோட்டால் மார்புவரை வருகிற தண்ணீரில் முட்டியாலேயே நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். கையில் இறால் தட்டுப்பட்டால் சேற்றோடு அமுக்கிப் பிடித்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் பின்னின சின்னப் பை. கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி போய்விடும், பிடித்தது அத்தனையும் ஆற்றோடு போய்விடும். அதனால் அத்தனை பெண்கள் இறங்கியிருந்தாலும் தண்ணீரில் பேச்சுச் சத்தமே இருக்காது.

என் மகள் கரையில் உட்கார்ந்து ஒருநாள் பார்த்தாள். மறுநாள் தானே போய் ஒரு பறியை எடுத்தாள்.

அதற்கப்புறம் தினமும் இறங்கினாள். நான் கரையில் நின்றுகொண்டு, கிடைத்ததா, குளிருகிறதா, கெளுத்தி முள் குத்தப்போகிறது பார் என்று கத்திக்கொண்டே இருப்பேன். அவள் திரும்ப மாட்டாள். ஒருநாள் தங்கச்சி கரையேறி வந்து, பறியை வாயிலிருந்து எடுத்து என் கையில் திணித்தாள்.

"அக்கா, இங்க நின்னு கத்திகினு இருக்காத. இத கடிச்சிகினு எறங்கு."

கோபத்தில்தான் இறங்கினேன். எனக்குத் தெரியாத வேலையா என்கிற வீம்பு. ஓலை விளிம்பு உதட்டை அறுத்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கையில் வந்ததெல்லாம் கிளிஞ்சலும் சேறும். ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தால் பறி சரிந்தது, சட்டென்று கடித்துக்கொண்டேன். அவர் செத்ததிலிருந்து நான் அத்தனை நேரம் சும்மா இருந்ததே இல்லை. மனசுக்குள் வந்த பேச்செல்லாம் பல்லில் முட்டித் திரும்பிப் போயிற்று.

மகள் துழாவிக்கொண்டே என் பக்கம் வந்தாள். சேற்றுக்குள் அவள் விரல் என் விரல்மேல் பட்டது. இறால் என்று நினைத்து அமுக்கினாள். பிறகு தெரிந்துகொண்டாள். ஆனால் கையை எடுக்கவில்லை. என் வாயைப் பார்த்தாள், அதில் இருந்த பறியைப் பார்த்தாள். மற்ற கையால் தன் பறியை வாயிலிருந்து எடுத்துத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கூப்ட்டாரும்மா."

குரல் கரகரவென்று யாருடையதோ போல இருந்தது.

"ரெண்டு தடவ கூப்ட்டாரு. ஹெட்போன் மாட்டி பாட்டு கேட்டுட்டு இருந்தேன். லேசாத்தான் கேட்டுது. இருப்பா வரேன்னு சொன்னேன். பாட்டு முடிஞ்சுதான் போனேன்."

ஐயோ, எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம்தான் வந்தது. எழுந்து போவதற்கு என்ன கேடு, ஒரு எட்டு போய்ப் பார்த்திருந்தால் மனுஷன் இன்றைக்கு இருந்திருப்பாரே, படுபாவி, என்று அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் யார் என்று எனக்குத் தெரியும். பறி மட்டும் வாயில் இல்லாவிட்டால் அந்த வார்த்தை வெளியே வந்திருக்கும். வந்திருந்தால் அந்தப் பெண் அதற்கப்புறம் ஆயுசுக்கும் பேசியிருக்க மாட்டாள்.

அவள் அந்த வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தண்ணீரில் முட்டிபோட்டபடி காத்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் அவரவர் பாட்டுக்குத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

சேற்றுக்குள் இருந்த அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பல் வலித்தது. பறியை நான் விடவில்லை.