மூணாம் பொட்டி

ராஜபாளையத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்த காலத்தில் நான் ஆடிப்போனது ஒரே ஒரு தடவைதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

அம்மாமார் கூட்டத்தில் பெரிய மேதாவி மாதிரி பேசினேன். எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தனியாக உட்கார வேண்டாம், அன்றாட வீட்டு வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் கம்பெனிக்குக் கூலிக்குப் பேண்டேஜ் சுருட்டி, டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டுவதுதான் அன்றாட வேலை. அது எனக்கு உறைக்கவில்லை.

ஒரே மாதத்தில் முத்துமாரியின் நாலு வயது மகள் கயல், சென்டரில் எழுத்து அட்டைகளைக் கொட்டியதும் ஒரே மாதிரி எழுத்துகளைச் சட்டென்று சேர்த்துவைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சூப்பர்வைசர் மேடத்திடம் பீற்றிக்கொண்டேன். மற்ற சென்டர்களுக்குக் காட்ட வீடியோ எடுப்போம் என்று அவரும் முத்துமாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

மூன்று அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கயல் லேபிள்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு லேபிள் ஓரத்திலும் எஸ், எம், எல் என்று அளவு. ஒன்றுகூடத் தப்பவில்லை. மேடம் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் கூப்பிட்டும் பிள்ளை நிமிரவில்லை. விரல் நுனியெல்லாம் காகிதம் கீறிய கோடுகள். எல் போட்ட லேபிளைக் காட்டி, "இது என்ன எழுத்து கண்ணு?" என்றேன்.

"மூணாம் பொட்டி, டீச்சர்."

எழுத்து அவளுக்குத் தெரியவே இல்லை; எந்தப் பெட்டி என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. தினமும் எவ்வளவு நேரம் என்று முத்துமாரியைக் கேட்டேன்.

"சென்டர்ல இருந்து வந்ததும் உக்காந்துருவா. பேச்சுக் குடுத்தா கை நின்னுரும்னு நான் வாயே தொறக்க மாட்டேன். நீங்க சொன்ன மாதிரிதான டீச்சர் செய்யுதோம்?"

சிரித்த முகமாகத்தான் கேட்டாள்.

மேடத்திடம் வீடியோவை அழிக்கச் சொன்னேன். நன்றாகத்தானே இருக்கிறது என்றார். இது நாலு சென்டருக்குப் போனால் நாலு தெருப் பிள்ளைகள் பெட்டி நடுவே உட்கார்ந்துவிடும் என்றேன். மேலதிகாரியிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. அவர் கயலின் விரல்களைப் பார்த்தார், அழித்துவிட்டார்.

பிறகு முத்துமாரி பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் சொன்னது தப்பும்மா. பொட்டிய அவகிட்ட இருந்து எடுத்துரு. பருப்பு டப்பாவ எடுக்கையில, சோறு போடுகையில அவகூட பேசு. அது என்ன, இது என்னன்னு அவ நச்சரிக்கட்டும்."

பேசச் சொல்ல நான் மறந்திருந்தேன். அது இல்லாவிட்டால் மிஞ்சுவது வேலை மட்டும்தான். இன்றும் ஏதாவது ஒரு வீட்டில், "எம்பிள்ள சத்தமே இல்லாம கூடமாட வேல செய்யும்" என்று அம்மா பெருமைப்பட்டால் முதலில் அந்தப் பிள்ளையின் விரல்களைத்தான் பார்க்கிறேன்.