கோட்டை அகழியில் எள்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் சுற்றிப் பார்க்கப் போனதாகச் சரித்திரமே கிடையாது. போனால் கல்யாணம், இல்லையென்றால் சாவு, அதுவும் இல்லையென்றால் உரம் வாங்கக் கும்மிடிப்பூண்டி. அப்படிப்பட்ட வீட்டில் நைனா ஒரு சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு, "பழவேற்காட்டுக் கோட்டையப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். டச்சுக்காரர்கள் கடலோரம் கோட்டை கட்டியதைப் பற்றி வாத்தியார் சொல்லியிருந்தார், பீரங்கி உட்பட. தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் வீட்டை விட்டுப் போய் அப்போது நாலு வருஷம். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியதற்காக நைனா அவனை மாட்டுக் கயிற்றால் அடித்தார். மறுநாள் அவன் நெல்லூர் பக்கம் போகிற ரயிலில் ஏறியதை யாரோ பார்த்திருந்தார்கள். அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை. அம்மா தினமும் அவனுக்கென்று சோறு எடுத்து வைத்து, மறுநாள் அதைத் தண்ணீர் ஊற்றித் தானே குடிப்பாள். வெளியூர் போனால் அவனுடைய ஒரே போட்டோவை மடியில் செருகிக்கொண்டு போய் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

கோட்டைக்கும் அதற்காகத்தான் கிளம்பினாள். "படகுக்காரங்க பல ஊரு போறவங்க. ஒரு வார்த்த கேட்டுப் பாக்குறேன்" என்றாள். நைனா வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, பொன்னேரியில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரித் தண்ணீர், தீவில் நிற்பது போலவே இருந்தது. கோட்டையைப் பார்த்துவிட்டுப் படகில் ஏரியைத் தாண்டிக் கடலுக்குப் போவதாக நைனாவின் திட்டம். ஆனால் கோட்டையைத்தான் காணோம். ஒரு மண்மேடு, முள் புதர், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செங்கல், சுற்றிலும் பாசி படிந்த அகழி. நாலு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"பீரங்கி எங்க நைனா?"

"வெள்ளக்காரன் தூக்கிக்கினு பூட்டிருப்பான்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெருவில் என்ன பதில் சொல்வேன்?

அம்மா கரையில் இரண்டு மீனவர்களிடம் போட்டோவைக் காட்டிவிட்டு, அவர்கள் உதட்டைப் பிதுக்கியதும் திரும்பி வந்தாள். நான் பசி தாங்காமல் நைனாவின் பையைத் துழாவினேன். புளிச்சோற்றுக்கு அடியில் ஒரு பூவரச இலைப் பொட்டலம். பிரித்தால் கறுப்பு எள்ளும் கொஞ்சம் தர்ப்பையும். எள்ளுருண்டை பிடிக்கப் போகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"நைனா, எள்ளு இருக்குது. வெல்லம் எங்க?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்தாள். "இன்னிக்கு யாரு தெவசமும் இல்லையே. யாருக்குய்யா எள்ளு?"

நைனா தலையைத் தூக்காமல் பேசினார். "பெரியவளுக்கு வர்ற எடமெல்லாம் தட்டிக்கினு போவுது. புள்ள கீறானா இல்லியான்னு கேக்குறாங்க, நான் இன்னான்னு சொல்றது? கடல்ல எள்ளும் தண்ணியும் வுட்டுட்டா ஊட்ட புடிச்சது வுட்டுடும்னு அய்யரு சொன்னாரு."

"எம்புள்ள பசியோட வந்து நின்னா இத்தயா போடுவே?" என்று அம்மா என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி அகழிக்குள் வீசினாள்.

இலை தனியாகப் போயிற்று. எள் தண்ணீர்மேல் பரவி மிதந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது.  அப்படியே புடவையோடு இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் எள்ளை அள்ள ஆரம்பித்தாள். பாசியோடு அள்ளி முந்தானையில் போட்டாள். "ஒண்ணுகூட வுடாதே, ஒண்ணுகூட வுடாதே" என்று முனகிக்கொண்டே இருந்தாள். நைனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

எனக்கு அது விளையாட்டாகத் தோன்றியது. பீரங்கிதான் இல்லை, இதாவது கிடைத்ததே என்று நானும் கரையோரம் குந்தி அள்ளினேன். கை நிறைய அள்ளி அம்மாவின் முந்தானையில் கொட்டினேன். உள்ளங்கையெல்லாம் எள் ஒட்டிக்கொண்டு நமநமவென்றிருந்தது. அதனால் அகழித் தண்ணீரை ஒரு கை மொண்டு ஊற்றி, எள்ளும் தண்ணீருமாக அதிலேயே கழுவி விட்டேன். "பாரும்மா, ஒண்ணுகூட இல்ல" என்று கையை விரித்துக் காட்டினேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். பிடித்திருந்த முந்தானையை விட்டுவிட்டாள். அள்ளியதெல்லாம் திரும்ப அகழிக்குள் போயிற்று.

அக்காவுக்கு அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. அண்ணன் வரவே இல்லை. பழவேற்காட்டிலிருந்து வந்த ராத்திரி அம்மா அவனுக்குச் சோறு எடுத்து வைக்கவில்லை. மறந்துவிட்டாளாக்கும் என்று, நான்தான் எழுந்துபோய் நினைவுபடுத்தினேன்.